சோதினை முடியட்டும்

வியாழக்கிழமை காலையில் கஜனி கண் விழித்தபோது கீழே இடியப்பம் அவிகிற மணம் வந்தது.

போர்வைக்குள் கிடந்தபடியே யோசித்தாள். மாமி எட்டு மணிக்கு முந்தி எழும்புகிற ஆள் இல்லை. அதுவும் முழங்கால் நோவோடு அடுப்படியில் நின்று மாக்குழைப்பது என்றால், வீட்டில் ஏதோ விசேஷம் இருக்கவேண்டும்.

விசேஷம் அவளுடைய பரீட்சைதான்.

முதல் வாரத்திலிருந்தே இந்தத் தொடர்கதையோடு கூட வருகிறவர்களுக்கு இந்த வீட்டைத் தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கனடாவில், மோர்னிங்சைட்டில், பஸ் ஓடுகிற றோட்டுக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் ஒன்றில் கஜனியும் அவளுடைய கணவனின் தாயான சந்திரவதனா மாமியும் இருக்கிறார்கள். கஜனியின் கணவன் வாகீசன் போன கோடையில் வேலை கிடைத்து ரெக்ஸாஸுக்குப் போனான். ஹூஸ்ரனில் வீடு பார்த்து, எல்லாம் சரிப்படுத்தி, வருகிற யூன் மாதம் கஜனியைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. மாமி பிரம்டனில் இருக்கிற மகள் சிவானியிடம் போய்விடுவார்.

வாகீசனின் மனைவியாக அங்கே போனால் கஜனிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. படிக்கலாம். "அப்ப படியுமன்" என்று அவன்தான் சொன்னான். கலியாணத்தோடு பாதியில் விட்ட படிப்பு. விண்ணப்பித்தாள், ஒரு கல்லூரி இடமும் கொடுத்தது. ஆனால் அந்த மாநிலத்து அரசாங்கக் கல்லூரியில் எந்தப் பட்டம் எடுத்தாலும் அமெரிக்க வரலாறு படித்தே ஆகவேண்டும். வகுப்பில் குந்தியிருந்து படிக்கலாம். அல்லது ஒரு பரீட்சை எழுதிச் சித்தியடைந்தால், அந்த வகுப்பைப் படித்து முடித்ததாகவே ஏற்றுக்கொள்வார்கள். கஜனி பரீட்சையைத் தெரிவுசெய்தாள்.

பனி கொட்டின மாரி முழுக்க அவள் அமெரிக்காவோடு தனியே இருந்தாள்.

அவள் வேலை செய்கிற பாமசியின் பின்னறையில், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, மத்தியானச் சாப்பாட்டோடு புத்தகத்தையும் திறந்து வைத்துக்கொண்டாள். "கனடா சிற்றிசன் சோதினைக்குக்கூட நான் உவ்வளவு படிக்கேல்லை" என்று கூட வேலை செய்கிற ஷாமிலா சிரித்தாள். பஸ்ஸில் காதுக்குள் ஒரு வாத்தியார் பேசினார். யூரியூப்பில் பாடம் நடத்துகிற மனிதர். ஒவ்வொரு பாடத்தையும் "நண்பர்களே, இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?" என்றுதான் தொடங்குவார். சில நாட்களில் அவளை அப்படிக் கேட்டது அவர் ஒருவர்தான்.

தொடக்கத்தில் வாகீசனும் கேட்டான். ஃபோனில் வந்தால், "சொல்லும் பாப்பம், நாலாவது ஜனாதிபதி ஆர்?" என்று மடக்குவான். அவள் பிழை விட்டால் பெரிதாகச் சிரிப்பான். டிசம்பரில் நத்தாருக்குப் பிறகு அது குறைந்தது. "இண்டைக்கு உள்நாட்டுப் போர் முடிச்சிட்டன்" என்று அவள் சொன்னால், "ம்ம்" என்றான். வேலைக் களைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இரண்டு கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வாகீசன் தாயின் ஃபோனுக்கு எடுத்தான். மாமி ஃபோனைக் கொண்டு கோட்டும் போடாமல் வாசலுக்கு வெளியே போனார். வெளியில் இன்னும் பனி கரையவில்லை. உள்ளே வந்தபோது மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"என்னவாம் மாமி?"

"சும்மா. சுகம் கேட்டவன்."

அன்றையிலிருந்துதான் மாமி மாறினார். கேட்காமலே புத்தகத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணி வந்தது. ரீவி சத்தம் குறைந்தது. ஒருநாள் மேசைக்கு அருகில் வந்து நின்று, "இப்ப எங்க நிக்கிறாய்? சண்டை முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது மாமி. இப்ப நாட்டைத் திருப்பிக் கட்டுகினம்."

"அதுதான் கஷ்டம்" என்றுவிட்டு மாமி வெங்காயம் வெட்டப் போனார்.

இன்னொரு நாள் கஜனியே வலியச் சொன்னாள். "ஒரு பெரிய நிலத்தை பிரான்ஸ்காரர் அமெரிக்காவுக்கு வித்துப்போட்டினம் மாமி. நாடு ரெண்டு மடங்காச்சுது. அங்க இருந்த சனத்தை ஒருத்தரும் ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

"எங்க கேட்டவை?" என்றார் மாமி.

கஜனிக்கு அது போதுமாக இருந்தது. கலியாணம் முடித்து ஆறு வருஷத்துக்குப் பிறகு, ஊரை விட்டுப் போகிற நேரத்தில், எனக்கும் ஒரு மாமி கிடைத்திருக்கிறார் என்று நினைத்தாள்.

இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு அவள் எழும்பியபோது மாமி கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க மாமி வெளிக்கிட்டிட்டியள்?"

"உன்னோடதான்."

"நீங்களோ? நான் வர மத்தியானம் ஆகும். அங்க உங்களை உள்ளுக்கு விடமாட்டினம்."

"வெளியில இருக்கிறன். கதிரை இருக்கும்தானே."

"முழங்கால்..."

"முழங்கால் வீட்டில இருந்தாலும் நோகும். நட."

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். கோயிலுக்கும் டொக்டரிடமும் தவிர இப்படி இரண்டுபேருமாக எங்கேயும் போனதில்லை. கஜனி மனதுக்குள் சட்டத்திருத்தங்களை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தாள். கென்னடி ஸ்ரேஷனில் சப்வே ரயில் ஏறிய பிறகு மாமி கேட்டார்.

"ஃபெயிலானா என்ன செய்வாய்?"

"அங்க போய் வகுப்பில இருந்து படிக்கவேண்டியதுதான்."

மாமி மறுபக்கம் திரும்பி யன்னலைப் பார்த்தார். சப்வே அப்போது நிலத்துக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. யன்னலில் பார்க்க இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

பரீட்சை நிலையம் நகரத்துக்குள் ஒரு கல்லூரியின் கீழ்மாடியில் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் கஜனியின் ஃபோனையும் கோட்டையும் வாங்கிப் பெட்டிக்குள் பூட்டினாள். பொக்கற்றுகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னாள். பிறகு மாமியைப் பார்த்து, "உங்களுடைய அம்மாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். விளங்கப்படுத்த நேரம் இல்லாததால் கஜனி ஆம் என்றாள். மாமி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதைக் கதிரையில் அமர்ந்தார்.

முதல் கேள்வியை இரண்டுதரம் வாசித்தாள். திரையில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டின. பிறகு தெரிந்த முகங்கள்போல ஒவ்வொரு பாடமாக வந்தது. வரி, தேயிலை, பருத்தி, ரயில் பாதை. பாமசியின் பின்னறையில் சோறு ஆறிப்போகப் படித்தவை. பாதிக்குமேல் போனபோது ஒரு படம் வந்தது. வெறும் புல்வெளி. அதில் மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய ஒரு சின்ன வீடு. வாசலில் ஒரு பெண். எந்தச் சட்டத்தின் கீழ் இந்தக் குடும்பத்துக்கு நிலம் கிடைத்தது என்று கேள்வி.

விடை அவளுக்குத் தெரியும். அழுத்தினாள். ஆனாலும் அடுத்த கேள்விக்குப் போகாமல் கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். புருஷன் படத்தில் இல்லை. பக்கத்து வீடு என்று ஒன்றும் இல்லை. கண்ணுக்கு எட்டின தூரம் புல்தான். நான் யூனில் போய்விடுவேன் என்று கஜனி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

கடைசியில், புள்ளியைப் பார்க்க விருப்பமா என்று திரை கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். ஐம்பது எடுத்தால் போதும். அறுபத்து மூன்று என்று இருந்தது.

ஃபோனையும் கோட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மாமி அதே இருப்பில் இருந்தார்.

"பாஸ், மாமி."

மாமி எழும்ப முயன்றார், முடியவில்லை. திரும்பவும் கதிரையில் அமர்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். கஜனி சிரித்துக்கொண்டே தோளைப் பிடித்தாள். "ஐயோ மாமி, இது ஒரு சோதினைதானே" என்றாள். அழுகை நிற்கவில்லை. நீண்டுகொண்டே போனது. கஜனியின் சிரிப்புத்தான் மெல்ல நின்றது.

மேல்மாடியில் கோப்பிக் கடை இருந்தது. இரண்டு தேத்தண்ணி வாங்கி வைத்துவிட்டு அவள் ஃபோனை எடுத்தாள்.

மாமி அவளுடைய கையைப் பிடித்தார். "பிறகு எடு பிள்ளை. வீட்டை போய் ஆறுதலா எடுக்கலாம்."

"பாத்துக்கொண்டு இருப்பார் மாமி."

"சொல்லுறன், பிறகு எடு."

பிடித்த பிடி இறுக்கமாக இருந்தது. கஜனி மாமியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை உருவிக்கொண்டு அழைத்தாள்.

வாகீசன் உடனே எடுத்தான். "எப்பிடிச் செய்தனீர்?"

"பாஸ். அறுபத்து மூண்டு."

"கெட்டிக்காரி" என்றான்.  பிறகு கேட்டான். "அம்மா பக்கத்தில இருக்கிறாவோ?"

"ஓம். இஞ்சதான்."

"அவ... ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

 மேசைக்கு எதிரே மாமி தலை குனிந்திருந்தார்.

"என்னத்தைச் சொல்லவேணும்?"

"கஜி, நான் நேர வந்து கதைப்பம் எண்டுதான் இருந்தனான். சனிக்கிழமை வாறன்."

"இப்பவே சொல்லுங்கோ."

"யூனில நீர் வரவேண்டாம்."

"ஏன், வீடு கிடைக்கேல்லையோ?"

"வீடு இருக்கு."

"ஆர் அவள்?"

"ஒருத்தரும் இல்லை. சத்தியமா ஒருத்தரும் இல்லை." அவன் அவசரமாகச் சொன்னான். "முதல் ரெண்டு மாதமும் உம்மை நினைச்சு அழுதனான். பிறகு... எப்பிடிச் சொல்லுறது. வேலையால வந்து கதவைத் திறந்தா ஒரு சத்தமும் இல்லை. நினைச்ச நேரம் சாப்பிடுறன். ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. எனக்குத் தனிய இருக்கச் சுகமா இருக்கு, கஜி. நீர் வாறீர் எண்டு நினைக்க மூச்சு முட்டுது. உம்மில ஒரு பிழையும் இல்லை."

ஒருத்தி இருந்தால் அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். திட்டுவதற்கு ஒரு முகம் இருந்திருக்கும்.

"ஒரு வெறும் வீட்டோட நான் எப்பிடிப் போட்டி போடுறது?" என்று கேட்டாள்.

 அவள் ஃபோனை நிறுத்தி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"எப்பவிருந்து தெரியும் மாமி?"

"அந்த ஞாயிற்றுக்கிழமை."

"ரெண்டு கிழமை. தேத்தண்ணி போட்டுத் தந்து, சண்டை முடிஞ்சுதோ எண்டு கேட்டு... நான் வேலைக்கும் அறிவிச்சுப்போட்டன், மே மாதத்தோட நிக்கிறன் எண்டு. என்னைச் சும்மா பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"சோதினை முடியட்டும் எண்டு அவன் சொன்னவன்."

"அவர் சொன்னா?"

"அவன் தன்ர வசதிக்குச் சொன்னவன். நான் உனக்காகப் பொறுத்தனான்." மாமியின் குரல் முதல்தடவையாக உயர்ந்தது. "சொல்லியிருந்தா நீ இண்டைக்கு வந்திருப்பியோ? புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சிருப்பாய். அவன்தான் இல்லை எண்டு ஆச்சுது. இதையாவது நீ எடுக்கவேணும் எண்டு நினைச்சன்."

"எடுத்து? அமெரிக்க வரலாற்றை வைச்சுக்கொண்டு நான் மோர்னிங்சைட்டில என்ன செய்யிறது மாமி?"

பக்கத்து மேசைப் பெடியங்கள் திரும்பிப் பார்த்தார்கள். கஜனி கோட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். தேத்தண்ணியை அவள் தொடவே இல்லை.

திரும்பிப் பார்க்கக்கூடாது என்றுதான் நடந்தாள். ஆனால் சப்வேயின் படிகளில் இறங்கும்போது பின்னால் கைபிடியை மாறிமாறிப் பிடித்துக்கொண்டு வருகிற காலடி கேட்டது. அவள் ஏறிய பெட்டியிலேயே மாமியும் ஏறினார். பக்கத்தில் வரவில்லை. கதவுக்கு அங்காலே ஒரு சீற்றில் இருந்து, அவள் இறங்கிவிடுவாளோ என்று ஒவ்வொரு ஸ்ரேஷனிலும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். மாமிக்குத் தனியே இந்த ரயிலில் வந்து பழக்கமில்லை. எங்கே மாறுவது என்றும் தெரியாது. கஜனிக்கு அது தெரியும். தெரிந்தும் கூப்பிடவில்லை.

கென்னடியில் பஸ்ஸுக்கு நின்றபோது காற்று முகத்தில் அடித்தது. மாமி பத்தடி தள்ளி நின்று முழங்காலைத் தேய்த்தார். பஸ் வந்தது. கஜனி ஏறினாள். மாமி ஏறி முடியும்வரைக்கும் றைவர் பொறுத்திருந்தார். கஜனியும் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். அழுகை வரவில்லை. தலைக்குள் படித்தது ஓடிக்கொண்டே இருந்தது. ஒப்பந்தங்கள், தீர்ப்புகள், ஒருவரும் இனிக் கேட்கப்போகாத விடைகள். யாருக்காவது ஃபோன் எடுக்கலாம் என்று பெயர்களைத் தட்டிப் பார்த்தாள். எல்லாரும் வாகீசனுக்கும் அவளுக்கும் பொதுவான ஆட்கள். அவளுக்கென்று மட்டும் யாரும் இல்லை. ஷாமிலா வேலையில் இருப்பாள். அப்பா அம்மா இல்லை. கடைசியில் ஃபோனைக் கீழே வைத்தாள்.

இந்த ஒன்பது மாதமும் தான் தனியே இருந்ததாக நினைத்தது பிழை. அது காத்திருப்பு. தனிமை இன்றைக்குத்தான் தொடங்குகிறது.

வெளிச்சம் மங்குகிற நேரம் கீழே மாமி ஃபோனில் கதைக்கிற சத்தம் கேட்டது.

"இல்லை சிவானி. நான் வரேல்லை. நாளைக்குக் கார் கொண்டு வராத... அவனுக்கு நான் சொல்லுறன், நீ பேசாம இரு."

கஜனி இறங்கி வந்தாள். மாமி சமையலறை மேசையில் இருந்தார். கோட்டுக்கூட இன்னும் கழற்றவில்லை.

"என்னவாம்?"

"சனிக்கிழமை அவன் வரேக்க நான் இஞ்ச இருக்கக்கூடாதாம். நீங்கள் ரெண்டுபேரும் கதைக்கவேணுமாம். நாளைக்கே என்னைப் பிரம்டனுக்குக் கொண்டு போகச் சிவானி வரப்பாத்தவள். மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் மாமி? அவர் உங்கட மகன். நான் ஆர் உங்களுக்கு இனி?"

 மாமி மேசை விளிம்பை விரலால் தடவினார்.

"அவனுக்குத் தனிய இருக்கச் சுகமாம். மாமா செத்து பதினொரு வருஷம். எனக்கு அது ஒருநாளும் பழகேல்லை. சிவானி வீட்டில எல்லாரும் காலமை போனா இருட்டத்தான் வருவினம். அங்க நான் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கவேணும்." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அவன் என்னவும் செய்யட்டும். நாங்கள் இஞ்சையே இருப்பம் பிள்ளை. நீ பாமசியில கேட்டு நிண்டுகொள்ளு. நீ எங்கையும் போகமாட்டாய்தானே?"

கஜனி வாயைத் திறந்தாள். ஓம் என்று சொல்வது இலேசு. மாமி பஸ்ஸின் படியில் கைபிடியை இறுக்கி ஏறியது கண்ணுக்குள் நின்றது. ஆனால் ஓம் வரவில்லை.

மேலே சுவரைப் பார்த்துக் கிடந்தபோது அவளுக்கு ஒரு எண்ணம் வந்திருந்தது. அந்தக் கல்லூரி இடம் கொடுத்தது வாகீசனின் மனைவிக்கு இல்லை. கஜனிக்கு. இன்றைக்கு எடுத்த அறுபத்து மூன்றும் அவளுடைய பெயரில்தான். மாணவி என்று தனியாக விசா கேட்டால் என்ன? அவன் வேண்டாம் என்றது தன் வீட்டுக்கு வருவதை. ரெக்ஸாஸ் அவனுடைய வீடு இல்லையே.

பயமாக இருந்தது. மண்வீட்டு வாசலில் நின்ற பெண்ணுக்காவது ஒரு குடும்பம் என்று இருந்தது.

ஃபோன் அடித்தது. வாகீசன்.

"கஜி, நீர் கோவத்தில வைச்சிட்டீர். சனிக்கிழமை பின்னேரம் வந்து இறங்குவன். ரெண்டுபேரும் இருந்து அமைதியாக் கதைப்பம், என்ன?"

"வாங்கோ" என்றாள். குரல் தன்னுடையதுபோல இல்லை. "மாமியும் இஞ்சதான் இருப்பா. எனக்கும் ஒண்டு சொல்ல இருக்கு."

"என்ன?"

"நேர வாங்கோ. சொல்லுறன்."

அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

மாமி கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினார். "என்ன பிள்ளை? என்ன சொல்லப்போறாய் அவனுக்கு?"

கஜனி அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். இரண்டு கிழமையாக இந்த வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியாமல் ஒன்று இருந்தது. இப்போது அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு ஒருவரின் முகத்தைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு விளங்கியது.

"கோட்டைக் கழட்டிப்போட்டு இருங்கோ மாமி" என்றாள். "தேத்தண்ணி குடிப்பம்."